குண்டுமல்லியின் இலை மஞ்சளாவது ஏன்?

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

 

மல்லிகை பயிரிடும் உங்களிடம் மல்லிகையின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. தங்கச்சிமடத்தில் பதியனிட்டு எடுத்த நாற்றுகள் எத்தனையோ மாவட்டங்களுக்குச் சென்று வேர் பிடித்திருக்கின்றன. விடியுமுன் எழுந்து, கைவிளக்கு வெளிச்சத்தில் மொட்டுப் பறித்துச் சந்தைக்கு அனுப்பினால்தான் அன்றைய வீட்டுச் செலவுக்குப் பணம் என்ற நிலையில் உள்ள குடும்பங்கள் பல. அந்தக் குடும்பங்களுக்குப் பூ குறைந்தால் அன்றாட வரவே நின்றுபோகும். பூ குறைவதற்குப் பல நாட்கள் முன்னதாகவே செடி நமக்கு ஓர் எச்சரிக்கை விடுக்கிறது. அந்த எச்சரிக்கை இலையில்தான் தெரிகிறது. அதைச் சரியாகப் புரிந்துகொள்வது எப்படி என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பட்ட மேற்படிப்பு முடித்து வேலைக்கு வந்த புதிதில், அரை ஏக்கர் குண்டுமல்லி வைத்திருந்த பெரியவர் ஒருவர் என்னைத் தம் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். தோட்டத்தின் தாழ்வான மூலையில் இருபது, இருபத்தைந்து செடிகள் மஞ்சளாக இருந்தன. நான் வரப்பில் நின்றபடியே பார்த்தேன். அந்தப் பகுதி சுண்ணாம்பு மண் என்பது எனக்குத் தெரியும். "இது இரும்புச் சத்துக் குறைபாடு. அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளியுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன். பெரியவரும் நான் சொன்னபடி மூன்று முறை தெளித்தார். ஒன்றரை மாதம் கழித்து அவரிடமிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால், அந்த மூலையில் பன்னிரண்டு செடிகள் காய்ந்து நின்றன. அடுத்த வரிசையிலும் மஞ்சள் தொடங்கியிருந்தது. ஒரு செடியைப் பிடுங்கச் சொன்னேன். கையோடு வந்துவிட்டது. தூர்ப்பகுதியில் பட்டை அழுகிக் கறுத்திருந்தது. அதன் மேல் வெள்ளை நூல் போன்ற பூசண இழைகளும், கடுகைத் தூவியது போன்ற சிறு உருண்டைகளும் ஒட்டியிருந்தன. அது வேரழுகல் நோய். அதற்கு நான் இலைக்கு மருந்து சொல்லியிருக்கிறேன்! பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தம்பி, இலையைப் பார்த்தீங்க, குனிஞ்சு வேரைப் பார்க்கலியே" என்று மட்டும் சொன்னார். அந்தப் பன்னிரண்டு செடிகளுக்கான நட்டத்தை நான் ஈடு செய்ய முடியவில்லை. ஆனால் அன்று முதல் செடியைப் பிடுங்கிப் பார்க்காமல் மஞ்சள் நோய்க்கு மருந்து சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். நீங்களும் அப்படியே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

இலை மஞ்சளானவுடன் மருந்துக் கடைக்கு ஓடுவது நம்மில் பலரின் வழக்கம். கடைக்காரர் செடியைப் பார்த்ததில்லை. அவர் பூச்சிக்கொல்லி ஒன்று, பூசணக்கொல்லி ஒன்று, சத்து நீர் ஒன்று என மூன்றையும் கலந்து கொடுத்துவிடுவார். மூன்றில் ஏதாவது ஒன்று பலிக்கலாம். ஒன்றும் பலிக்காமலும் போகலாம். கடைக்குப் போகுமுன் தோட்டத்தில் நின்று ஐந்து கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

ஒன்று: மஞ்சள் முதலில் தோன்றியது நுனிக் கொழுந்திலா, அடி இலையிலா?

இரண்டு: இலை முழுவதும் மஞ்சளா, அல்லது நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளா?

மூன்று: தோட்டம் முழுவதும் பரவலாக இருக்கிறதா, அல்லது ஒரு மூலையில் திட்டாகத் தொடங்கி விரிகிறதா?

நான்கு: இலையைத் திருப்பினால் அடிப்புறத்தில் என்ன தெரிகிறது?

ஐந்து: ஒரு செடியின் தூரைத் தோண்டினால் வேர் எப்படி இருக்கிறது?

இவற்றில் முதல் கேள்விதான் மிக முக்கியமானது. அதன் காரணத்தைச் சொல்கிறேன். வீட்டில் அரிசி குறைந்தால் பெரியவர்கள் தங்கள் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் பட்டினி கிடப்பார்கள். செடியிலும் அப்படித்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை குறையும்போது முதிர்ந்த இலைகள் தம்மிடமுள்ள சத்தைக் கொழுந்துகளுக்கு அனுப்பிவிடுகின்றன. ஆகவே குறைபாடு அடி இலையில் தெரியும். இரும்புச் சத்து அப்படி நகராது. முதிர்ந்த இலையில் சேர்ந்த இரும்பு அங்கேயே தங்கிவிடும். வேர் வழியாகப் புதிதாக வரும் இரும்பை நம்பித்தான் கொழுந்து வளர வேண்டும். அது வராவிட்டால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும். அன்று அந்தப் பெரியவர் தோட்டத்தில் மஞ்சள் அடி இலையில் தொடங்கியிருந்தது. வரப்பில் நின்றபடி பார்த்த எனக்கு அது தெரியவில்லை.

இரும்புச் சத்துக் குறைபாடு

நுனி இலைகளில் நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தெரிய, இடைப்பகுதி மஞ்சளாகும். முற்றினால் நரம்பும் வெளுத்து, கொழுந்து ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். அடி இலைகள் பச்சையாகவே இருக்கும். மொட்டுகள் சிறுத்து, எண்ணிக்கையும் குறையும்.

மண்ணில் இரும்பே இல்லையா என்றால், பெரும்பாலும் நிறையவே இருக்கும். சுண்ணாம்பு மிகுந்த, காரத்தன்மையுள்ள நிலத்தில் அது கரையாத வடிவில் கட்டுண்டு கிடக்கும். வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. உப்புக் கிணற்று நீரில் உள்ள பைகார்பனேட்டும், அளவுக்கு மீறித் தேங்கும் நீரும் இந்த நிலையை மேலும் மோசமாக்கும். நிலத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று அறிய, ஒரு பிடி மண்ணின் மேல் நீர்த்த ஹைடிரோகுளோரிக் அமிலத்தில் சில சொட்டுகள் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மண். அமிலத்தைக் கவனமாகக் கையாள வேண்டும். மண் பரிசோதனை நிலையத்தில் இதைச் செய்து காட்டுவார்கள்.

உறுதி செய்துகொள்ள, செலவில்லாத ஒரு சோதனை உண்டு. அரை லிட்டர் நீரில் இரண்டரை கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, வெளுத்த ஒரு கிளையின் இலைகளில் மட்டும் தூரிகையால் தடவி, அந்தக் கிளையில் நூல் ஒன்றைக் கட்டி வையுங்கள். ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் தடவிய இடத்தில் பச்சை திரும்பினால் அது இரும்புக் குறைபாடுதான். திரும்பாவிட்டால் வேறு காரணத்தைத் தேடுங்கள். இந்தப் பத்து நாள் பொறுமை அன்று எனக்கு இருந்திருந்தால் அந்தச் செடிகள் பிழைத்திருக்கும்.

மருந்து இதுதான். லிட்டருக்கு 5 கிராம் வீதம், 10 லிட்டர் தெளிப்பானுக்கு 50 கிராம் அன்னபேதி உப்பு, அதாவது பெரஸ் சல்பேட் தேவை. முதலில் தண்ணீரில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைக்க வேண்டும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். அதன் பின்னரே அன்னபேதியைப் போட்டுக் கரைக்க வேண்டும். நம் கிணற்று நீர் காரமாக இருப்பதால், அமிலம் இல்லாமல் கரைத்தால் இரும்பு துருவாகி அடியில் தங்கிவிடும். வாங்கும் உப்பு இளம்பச்சை நிறத்தில் இருக்க வேண்டும். பழுப்பாக மாறிவிட்ட உப்பை வாங்காதீர்கள். கரைத்த கரைசலை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். மாலை நேரத்தில், இலையின் இருபுறமும் நனையும்படி தெளித்து, மஞ்சள் மறையும் வரை மாதம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

இது தற்காலிகப் பரிகாரமே. வேர் தானாக இரும்பை எடுக்க வேண்டுமானால் ஆண்டுதோறும் நன்கு மக்கிய தொழு உரம் இட வேண்டும். நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மண் பரிசோதனை செய்யாமல் மணிச்சத்தைக் கொட்டக் கூடாது. அது மிகுந்தாலும் இரும்பைக் கட்டிப் போடும்.

அடி இலை மஞ்சளானால்

அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளிர் மஞ்சளாகி, செடியும் வளர்ச்சி குன்றித் தோட்டம் முழுவதும் அப்படியே இருந்தால் தழைச்சத்துக் குறைபாடு எனக் கொள்ளலாம். அடி இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியம் குறைவு. இதற்கு லிட்டருக்கு 5 கிராம் மக்னீசியம் சல்பேட் தெளிக்கலாம். இலைகள் சிறுத்து, கணுக்கள் நெருங்கி இருந்தால் துத்தநாகக் குறைவை எண்ணிப் பார்த்து, லிட்டருக்கு இரண்டரை கிராம் துத்தநாக சல்பேட் தெளிக்க வேண்டும்.

குண்டுமல்லிக்கு ஆண்டுக்குச் செடி ஒன்றுக்கு 10 கிலோ தொழு உரம், 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து என்பது பொதுப் பரிந்துரை. உரமாகச் சொன்னால் யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், மூரியேட் ஆப் பொட்டாஷ் 200 கிராம். இந்த மூன்று உரங்களையும் இரண்டாகப் பிரித்து, கவாத்துக்குப் பிறகு ஒரு பாதியையும், ஜூன், ஜூலையில் மறு பாதியையும் இட வேண்டும். மண் பரிசோதனை முடிவுக்கேற்ப இதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

வேரழுகலும் நூற்புழுவும்

அடி இலையில் மஞ்சள் தொடங்கி மேலே ஏறி, செடி வாடி, தோட்டத்தில் திட்டுத் திட்டாகப் பரவினால் உடனே தூரைத் தோண்டிப் பாருங்கள். வெள்ளை இழையும் கடுகு போன்ற உருண்டையும் தெரிந்தால் வேரழுகல். அந்தக் கடுகுகள்தான் நோயின் விதை. மண்ணில் நெடுநாள் உயிரோடு கிடந்து, ஈரம் கண்டதும் முளைத்துப் பரவும். காய்ந்த செடியை மண்ணோடு தோண்டி எடுத்து எரித்துவிடுங்கள். பிடுங்கிய செடியை இழுத்துக்கொண்டு தோட்டத்தின் குறுக்கே நடக்காதீர்கள். பக்கத்துச் செடிகளின் தூரைச் சுற்றி, லிட்டருக்கு இரண்டரை கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து, வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். நோய் கண்ட பகுதியிலிருந்து நல்ல பகுதிக்குப் பாசன நீர் பாயாதபடி வாய்க்காலைத் திருப்புங்கள். தாழ்வான மூலையில் வடிகால் எடுப்பதுதான் நிலையான தீர்வு.

நோய் வராத தோட்டத்தில் முன்னெச்சரிக்கையாக டிரைக்கோடெர்மா இடலாம். 100 கிலோ மக்கிய தொழு உரத்தில் ஒரு கிலோ கலந்து, ஈரமாக நிழலில் பத்துப் பதினைந்து நாட்கள் வைத்து, பிறகு தூரில் இட வேண்டும். டிரைக்கோடெர்மா உயிருள்ள பூசணம். செம்பு மருந்து ஊற்றிய இடத்தில் உடனே போட்டால் அதுவும் சேர்ந்து செத்துவிடும். இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும்.

வேரில் அழுகல் இல்லாமல், கட்டிக் கட்டியாக முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. கவாத்துக்குப் பிறகு செடிக்குக் கால் கிலோ வேப்பம் பிண்ணாக்கு இட்டு மண்ணை அணையுங்கள். செடிகளுக்கு இடையே துலுக்கச் சாமந்தி பயிரிடலாம். அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும். பூவும் விலை போகும்.

செம்பேனும் கம்பளிப் பேனும்

கோடைக் காலத்தில் இலையின் மேற்புறம் ஊசியால் குத்தியது போல் வெளிர் புள்ளிகள் தோன்றி, பின் இலை மங்கிப் பழுப்பாகி உதிர்ந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய நூலாம்படை தெரியும். வெள்ளைத் தாள் ஒன்றின் மேல் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் மெல்ல ஊர்ந்தால் அதுதான் செம்பேன் என்னும் சிலந்திப் பேன். இது பூச்சி அல்ல, எட்டுக்கால் சிற்றுயிர். மொட்டுப் புழுவுக்கென்று அடிக்கடி தெளிக்கும் பைரித்ராய்டு மருந்துகள் செம்பேனைத் தின்னும் நன்மை செய்யும் உயிர்களை அழித்துவிடும். ஆகவே மருந்து அடிக்க அடிக்கச் செம்பேன் பெருகும். "எவ்வளவு அடித்தும் தீரவில்லை" என்று சொல்பவர்களின் தோட்டத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

முதலில் இலையின் அடிப்புறத்தில் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். தாக்குதல் அதிகமானால் நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளியுங்கள். உச்சி வெயிலில் கந்தகம் தெளித்தால் இலை கருகிவிடும். வேப்ப எண்ணெய் போன்ற எண்ணெய் மருந்து தெளித்த இரண்டு வாரங்களுக்குள்ளும் கந்தகம் தெளிக்கக் கூடாது.

இலையிலும் இளந்தண்டிலும் வெள்ளைக் கம்பளி ஒட்டியது போல் மென்மயிர் வளர்ந்து, கொழுந்து சுருண்டு, மொட்டு வராமல் நின்றுவிட்டால் பலர் அதைப் பூசண நோய் என்று எண்ணிப் பூசணக்கொல்லி அடிக்கிறார்கள். உண்மையில் இது கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பேன் செய்யும் வேலை. அது சாறு உறிஞ்சும் இடத்தில் செடியே அந்த மயிரை வளர்க்கிறது. தாக்கிய கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம் தெளிக்க வேண்டும். இப்படிப்பட்ட தோட்டத்திலிருந்து பதியன் எடுக்கக் கூடாது.

இலைப்புள்ளியும் இலைக் கருகலும்

மழைக் காலத்தில் இலையின் மேற்புறம் செம்பழுப்பு நிற வட்டப் புள்ளிகள் தோன்றி, ஒன்று சேர்ந்து, இலை சுருண்டு காய்ந்தால் அது பூசணத்தால் வரும் இலைப்புள்ளி நோய். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்தி, மேன்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளியுங்கள். மழை நீடித்தால் இரண்டு வாரம் கழித்து மறுமுறை தெளிக்கலாம்.

புள்ளி ஏதுமின்றி முதிர்ந்த இலைகளின் ஓரம் மட்டும் கருகினால், மருந்தைத் தேடாமல் கிணற்று நீரை ஒரு புட்டியில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். உப்பு மிகுந்த நீரே பெரும்பாலும் இதற்குக் காரணம். மழை நீரைச் சேமித்துப் பாய்ச்சுவதும், வடிகால் அமைப்பதும், தொழு உரம் கூட்டுவதும் உதவும். ஜிப்சம் இடுவதை ஆய்வு முடிவு வந்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

மருந்து தெளிப்போர் கவனத்திற்கு

பழைய கையேடுகளை வைத்துக்கொண்டு மருந்து வாங்குவோர் இன்றும் உண்டு. நூற்புழுவுக்கும் மற்றப் பூச்சிகளுக்கும் அவற்றில் சொல்லப்பட்ட போரேட் குருணை 2020 டிசம்பர் 31 முதல் முழுமையாகத் தடை செய்யப்பட்டுவிட்டது. செம்பேனுக்குச் சொல்லப்பட்ட டைக்கோபால் 2023ஆம் ஆண்டு ஆணையால் தடை செய்யப்பட்டது. யாராவது பழைய இருப்பைக் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மல்லிகையை அன்றாடம் பறிக்கிறோம். விடியற்காலையில் பறிப்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள். பெரும்பாலும் வெறுங்கையால்தான் பறிக்கிறார்கள். அந்தப் பூவைத் தொடுப்பவர்களும் சூடுபவர்களும் பெண்களே. எனவே மருந்து தெளிப்பதைப் பூ குறைந்திருக்கும் இடைநாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழியும் வரை பறிக்க வேண்டாம். எந்த மருந்து, எந்தத் தேதியில் தெளித்தது என்பதைப் பறிக்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. மொட்டு சிறுத்துவிட்டது, கொழுந்து வெளுத்துவிட்டது என்பதை முதலில் கவனிப்பவர்களும் அவர்கள்தாம். நான் சொன்ன அந்தப் பெரியவரின் மனைவி, செடி காயத் தொடங்குவதற்குப் பல நாட்கள் முன்பே, "அந்த மூலையில பூ சிறுத்துப் போச்சு" என்று சொல்லியிருக்கிறார். அதைப் பெரியவரும் பொருட்படுத்தவில்லை, நானும் கேட்டறியவில்லை.

நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்யும்போது ஒவ்வொரு செடியையும் தொட்டுத்தான் ஆக வேண்டும். நோயுற்ற கிளையை நீக்கவும், தூரைத் தோண்டிப் பார்க்கவும், மண் மாதிரி எடுக்கவும் அதைவிட நல்ல சமயம் கிடையாது. பரிசோதனைக்கு வரும்போது ஓர் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு வராதீர்கள். நோய் கண்ட செடி ஒன்றை வேரோடும் மண்ணோடும் பையில் கட்டி, நல்ல செடியின் கிளை ஒன்றையும் உடன் கொண்டு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி நோய் அங்கேயே விளங்கிவிடும்.

இலை மஞ்சளானால் முதலில் எந்த இலை என்று பாருங்கள்; பிறகு இலையைத் திருப்பிப் பாருங்கள்; கடைசியாகக் குனிந்து வேரைப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் மருந்துக் கடை.